கோடைக் காற்று நாளில் கடலில் இறங்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

காற்றடைத்த படகிலும் கயாக் என்னும் ஒல்லியான துடுப்புப் படகிலும் ஏறி, சென்னைக்குத் தெற்கே கரைக்கடலில் தூண்டில் போட வரும் நண்பர்களே, வணக்கம்.

உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் இருட்டோடு வந்து, சவுக்குத் தோப்பின் ஓரம் காரை நிறுத்தி, சுருட்டிய படகை மணலில் விரித்து, மாறி மாறிப் பம்பை மிதித்துக் காற்றேற்றுவீர்கள். நானும் அதே மணலில் நாற்பது அடி தள்ளி என் கயாக்கைத் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டிருப்பேன். ஒன்பது ஆண்டுகளாகக் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலான கடலில்தான் என் விடுமுறைக் காலைகள் கழிகின்றன. இந்தப் பழக்கம் இன்னும் பலரிடம் பரவ வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். அந்த ஆசையால்தான் இதை எழுதுகிறேன். கோபமும் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

இந்த ஜூன் முதல் வாரத்தில் நடந்ததைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டு இளைஞர்கள் ஒரே காற்றுப் படகில் காலை ஐந்தே முக்காலுக்கு இறங்கினார்கள். கடல் குளம் போலக் கிடந்தது. எட்டரை மணிக்கு அந்தப் படகு ஆரஞ்சு நிறப் புள்ளியாகச் சுருங்கியிருந்தது. முதலில் கவனித்தவர் கரையில் மீன் வாங்கக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா. “அந்தப் பிள்ளைகள் துடுப்புப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், படகு வெளியேதான் போகிறது” என்று அவர் சொன்ன பிறகுதான் நாங்கள் திரும்பிப் பார்த்தோம். நண்டு வலையை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்குக் கரையிலிருந்து துணியை வீசிக் காட்டினார்கள். அவர் பாதி வலையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத் தம் ஃபைபர் படகைத் திருப்பினார். இருவரையும் ஏற்றி, அவர்கள் படகையும் பின்னால் கட்டி இழுத்துக் கொண்டுவந்து கரையில் விட்டார். பிறகு விட்டுவந்த வலையைத் தேடி மறுபடியும் போனார்.

தம்பிகள் இருவரும் கைகூப்பி நன்றி சொன்னார்கள், அது உண்மை. பயத்தில் அவர்கள் உதடுகள் வெளுத்திருந்தன. ஆனால் படகின் காற்றைப் பிடுங்கி, சுருட்டி, காரில் வைத்துக்கொண்டு அவர்கள் புறப்பட்டபோது அந்தப் பெரியவர் இன்னும் கடலில் வலையைத் தேடிக்கொண்டிருந்தார். வலை கிடைத்ததா என்று கேட்க யாரும் நிற்கவில்லை. அங்கே நின்ற மற்ற தூண்டில்காரர்களும் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் எனக்கும் இதே நடந்திருக்கிறது. முதல் ஆண்டில் நான் வைத்திருந்ததும் காற்றுப் படகுதான், இரண்டு காற்று அறைகள் கொண்டது. அதுவும் ஒரு ஜூன் மாதக் காலை. கரையிலிருந்து அரைக் கிலோமீட்டரில் கிழங்கான் மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தது. குனிந்து இரை மாட்டுவதும் மீனைக் கழற்றுவதுமாக ஒரு மணி நேரம் போயிற்று. நிமிர்ந்தபோது கரையில் இருந்த கோவில் கோபுரம் கட்டைவிரல் அளவுக்கு ஆகியிருந்தது. திரும்பித் துடுப்புப் போட்டேன். இருபது நிமிடம் உயிரைக் கொடுத்துப் போட்ட பிறகு பார்த்தால், கோபுரம் பெரிதாகவில்லை. கைகள் நடுங்கின. வெயில் ஏறிவிட்டது, கொண்டுபோயிருந்தது ஒரே ஒரு பாட்டில் தண்ணீர். முதுகுப் பக்கம் வங்காள விரிகுடா முழுவதும் திறந்து கிடக்கிறது என்ற எண்ணம் வந்தபோது அடிவயிறு சில்லிட்டது. என்னைக் கரைசேர்த்தவரும் தொழிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மீனவர்தான்.

கரையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: “யாரிடம் கேட்டுக்கொண்டு இறங்கினாய், தம்பி?”

“செல்போனில் வானிலை பார்த்துவிட்டுத்தான் வந்தேன், ஐயா. மழை இல்லை, அலை குறைவு என்று போட்டிருந்தது.”

“காற்று?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கையை நீட்டி, உடைந்துகொண்டிருந்த ஓர் அலையைக் காட்டினார். “அதன் நுனியைப் பார். மயிர் எந்தப் பக்கம் பறக்கிறது?” அலை கரையை நோக்கிச் சுருண்டு விழ, அதன் உச்சியிலிருந்து மெல்லிய நீர்த்தூவல் எதிர்ப்பக்கமாக, கடலை நோக்கிப் பறந்தது. “அப்படிப் பறந்தால் கோடை நிற்கிறது என்று அர்த்தம். கோடை நிற்கும்போது காற்றுப்பையில் ஏறிப் போகக் கூடாது.”

இந்த மடலில் நான் சொல்ல வந்தது இதுதான். இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. தென்றலையும் வாடையையும் பாட்டிலும் பேச்சிலும் வைத்துக்கொண்டோம். கோடை என்ற சொல் நகரத்தில் பருவத்தின் பெயராக மட்டும் எஞ்சிவிட்டது. கடற்கரையில் அது இன்னும் காற்றின் பெயர்தான். நம்முடைய கரை கிழக்கு பார்த்த கரை. மேற்கிலிருந்து வீசும் காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், காலை வேளைகளில் இங்கே ஓங்கி நிற்பது அதுதான்.

இதில் இருக்கும் பொறியைக் கவனியுங்கள். கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று அலையை எழுப்பும், முகத்தில் அறையும், பார்த்தவுடன் பயம் தரும். அந்த நாளில் யாரும் படகை விரிக்கவே மாட்டீர்கள். கோடைக் காற்றோ கரையோரக் கடலைத் தட்டித் தட்டிச் சமமாக்கிவிடும். அலை தாழ்ந்து, தண்ணீர் தெளிந்து, கடல் நம்மை வா என்று கூப்பிடுவதுபோல் இருக்கும். போதாததற்கு, நாம் நிற்கும் இடத்தில் சவுக்குத் தோப்பும் பங்களாச் சுவர்களும் காற்றை மறைத்து நிற்கின்றன. மணலில் ஒரு தாள்கூட அசையாது. இருநூறு முந்நூறு மீட்டர் உள்ளே போன பிறகுதான், மரங்களைத் தாண்டி வந்த காற்று தண்ணீரின் மேல் இறங்கும். அங்கே தண்ணீரின் நிறம் சற்றுக் கறுத்து, சிற்றலை சிற்றலையாக நெளியும். அந்தக் கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று கரையில் நின்றே பார்க்க முடியும். நிமிர்ந்து சவுக்கின் உச்சிக் கிளையையும் பாருங்கள். அடிமரம் அசையாதபோதும் உச்சி உண்மையைச் சொல்லிவிடும்.

இன்னொன்று நேரம். விடியும்போது காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற, எட்டு மணிக்கு மேல், மேற்குக் காற்று வலுக்கும். பிற்பகலில் கடல்காற்று உள்ளே புகுந்தால்தான் அது தணியும். சென்னையில் வெயில் வாட்டும் நாட்களில் ‘கடல்காற்று தாமதமாக வருகிறது’ என்று வானிலைச் செய்தியில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது வியர்வைச் செய்தி. நமக்கு அதன் பொருள் வேறு: மேற்குக் காற்று பிற்பகல் வரை விடப்போவதில்லை, தள்ளிக்கொண்டு போனால் திருப்பிக் கொண்டுவரக் காற்று இல்லை. அதனால் ஐந்தே முக்காலுக்குப் பார்த்த கடலை நம்பி எட்டரை மணி வரை உட்கார்ந்திருக்க முடியாது. செல்போனில் காற்றின் திசையைப் பார்க்கும்போதும் ஒரு தவறு நடக்கிறது. மேற்கு என்று போட்டிருந்தால் மேற்கிலிருந்து வருகிறது என்று பொருள். மேற்கு நோக்கிப் போகிறது, அதாவது கரைக்குத் தள்ளும் என்று தலைகீழாகப் படித்துவிட்டு இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, அதே காற்றில் கட்டுமரக்காரர் போகிறாரே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கட்டுமரம் என்பது லேசான மரங்களைச் செதுக்கி, கயிற்றால் பிணைத்த மிதவை. அதற்கு உட்புறம் கிடையாது. மேலே ஏறும் அலை இடுக்குகளின் வழியே வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது. நாம் மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கின் கொள்கையும் இதுவேதான், ஓட்டைகள் வழியே தண்ணீர் வடிவது உட்பட. உலகம் இரட்டை உடல் படகுக்கு வைத்திருக்கும் ‘கேட்டமரான்’ என்ற பெயரே கட்டுமரம் என்ற நம் சொல்லிலிருந்து போனதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரங்கள் இந்தக் கரைகளில் அருகிவிட்டன. இன்னும் வைத்திருப்பவர்கள் வயதானவர்கள். அவர்களிடம் ஒருமுறை அனுமதி கேட்டு ஏறிப் பாருங்கள். கட்டுமரம் ஈரம் குடித்து, கனத்து, நீர்மட்டத்தோடு மட்டமாக அமிழ்ந்து கிடக்கும். காற்று பிடித்துத் தள்ள அதற்கு மேலே ஒன்றும் இல்லை. காற்றுப் படகு அதற்கு நேர்மாறு. அதன் அடி தட்டை, தண்ணீருக்குள் பிடிப்பு இல்லை, பக்கங்கள் மட்டும் ஒரு முழம் உயர்ந்து காற்றுக்குப் பாய் விரித்து நிற்கின்றன. தண்ணீரில் விழுந்த வாழைச்சருகு எப்படிப் போகிறதோ அப்படித்தான் அது போகும். கயாக் சற்றுப் பரவாயில்லை, ஆனால் அதை ஓட்டுபவரின் தோள் வலு தீர்ந்தால் அதுவும் சருகுதான்.

அதனால் ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், நான் இன்றும் விடாமல் செய்வது. அலை உடையும் இடத்தைத் தாண்டி நூறு மீட்டர் போனவுடன், தூண்டிலைத் தொடும் முன், திரும்பிக் கரையை நோக்கி ஐந்து நிமிடம் துடுப்புப் போடுங்கள். போன வேகத்தில் திரும்ப முடிகிறதா? கொஞ்சமாவது இழுவை தெரிந்தால் அன்றைய மீன்பிடி அங்கேயே முடிந்தது. மீன் கடித்துக்கொண்டிருக்கும்போதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, கரையில் முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு பொருள்களை, ஒரு தென்னையையும் அதன் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியையும், ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். கோடு விலகினால் நீங்கள் பக்கவாட்டில் நகர்கிறீர்கள். மீனவர்கள் தங்கள் வலை கிடக்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்வதும் இப்படித்தான்.

ஒருவேளை காற்று கொண்டுபோய்விட்டால்: படகைவிட்டு நீந்தாதீர்கள். எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் வேண்டாம். தேடி வருபவர் கண்ணுக்குத் தலை தெரியாது, படகு தெரியும். உயரத்தைக் குறைத்து, உடலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, தண்ணீரில் விடுங்கள். அது நீரைப் பிடித்து இழுத்து, படகின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும், முகப்பையும் காற்றுக்கு நேராக வைத்திருக்கும். செல்போன் நீர்புகாத உறையில் கழுத்தில் இருக்க வேண்டும், படகில் கட்டிய பையில் இருந்தால் கவிழ்ந்த நேரத்தில் உதவாது. கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படையின் எண் 1554. அவற்றோடு, நீங்கள் இறங்கிய கரையில் இருக்கும் ஒரு மீனவரின் எண்ணும் இருக்க வேண்டும். முதலில் வந்து சேர்பவர் பெரும்பாலும் அவர்தான்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி நீட்டவில்லை. அதை உட்கார்வதற்கு மெத்தையாகப் போட்டுக்கொண்டு போகிறவர்களோடு நான் இனிக் கடலுக்கு இறங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அணிந்து, வாரை இறுக்கி, ஒரு விசிலையும் அதில் கட்டுங்கள்.

காற்றுப் படகுக்கே உரிய வேறு சில ஆபத்துகள் உண்டு. கெழுத்தியின் முதுகிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் இருக்கும் முள்ளும், திருக்கையின் வால் முள்ளும், கையை மட்டும் குத்துவதில்லை. துள்ளும் கெழுத்தியை மடியில் போட்டதால் ஓர் அறை முழுக்கக் காற்றுப் போன படகைப் பார்த்திருக்கிறேன். அடியில் ஒரு பழைய கோணியை நனைத்து விரித்துவைத்தால் முள்ளுக்கும் தூண்டில் முனைக்கும் தடுப்பாகும். விடியலில் விறைப்பாகக் காற்றடித்த படகை மணல் வெயிலில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள், உள்ளே காற்று விரிந்து ஒட்டு பிளக்கும். நங்கூரக் கயிற்றை ஒருபோதும் படகின் பக்கவாட்டில் கட்டாதீர்கள். நீரோட்டம் இழுத்தால் அந்தப் பக்கம் அமிழ்ந்து கவிழும். அணியத்திலோ பின்முனையிலோ, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட்டு, எட்டும் இடத்தில் கத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

நங்கூரம் என்றதும் வலை நினைவுக்கு வருகிறது. என் கோபத்தில் பெரும்பங்கு இதற்குத்தான். கரையிலிருந்து சில நூறு மீட்டரில் கொடி கட்டிய கழிகளும், வெள்ளைத் தெர்மாகோல் துண்டுகளும், கயிறு கட்டிய பிளாஸ்டிக் புட்டிகளும் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை குப்பை என்று நினைத்து அருமையாகச் சேகரித்துக் கரைக்குக் கொண்டுவந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் நல்ல மனத்தோடுதான் செய்தார். ஆனால் அன்று ஒரு குடும்பத்தின் நண்டு வலை எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. அந்த மிதவைகளுக்கு இடையே அடியில் வலை விரிந்திருக்கிறது. அங்கே நங்கூரம் போட்டால், எடுக்கும்போது கண்ணி கண்ணியாகக் கிழியும். வலையின் விலையோடு நஷ்டம் நிற்பதில்லை. அதை மடியில் போட்டுத் தைப்பதற்கு ஒருவர் எத்தனை மாலைகள் உட்கார வேண்டும் என்று ஒரு மீனவர் வீட்டுத் திண்ணையில் பாருங்கள். கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலை போட்டிருந்தால், அது வளைத்திருக்கும் நீர்ப்பரப்புக்குள் நம் படகு இறங்கவே கூடாது. மீன் கலைந்துவிடும், கயிற்றைப் பிடித்து நிற்கும் அத்தனை பேரின் அன்றைய கூலியும் கலைந்துவிடும்.

கடல் எல்லோருக்கும் பொதுவானது என்று உங்களில் ஒருவர் என்னிடம் வாதாடினார். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. அந்தப் பரப்பு கட்டுமரத்துக்கும் நாட்டுப் படகுக்கும் ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீடு மீறப்படும்போதெல்லாம் இந்தக் குப்பங்கள் போராடியிருக்கின்றன. அவர்களுக்கென்று எஞ்சிய அந்த ஒரு துண்டுக் கடலில்தான் நாம் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு இறங்குகிறோம். அவர்கள் நம்மை விரட்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்குள் படகைக் கொண்டுவந்து மாடியில் நின்றவர்களை மீட்டவர்களும் இதே கரைக்காரர்கள்தான். நம்மிடமிருந்து அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு வார்த்தை: “இன்றைக்கு இறங்கலாமா, அண்ணா? வலை எந்தப் பக்கம் கிடக்கிறது?” இதைக் கேட்க இரண்டு நிமிடம் போதும். காற்று, நீரோட்டம், மணல்திட்டு, வலை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கேள்வியில் பதில் கிடைத்துவிடும். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தை வன்னி என்றும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும் சொல்வார்கள். தெண்டி பலமாக ஓடுகிறது என்றால், இறங்கிய இடத்துக்குத் திரும்பி வர முடியாது, வடக்கே தள்ளித்தான் கரையேறுவோம் என்று உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.

பிடித்த மீனைக் கரையிலேயே விற்றுப் பெட்ரோல் செலவை ஈடுகட்டும் வழக்கமும் சிலரிடம் தொடங்கியிருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த ஏலத்தை நம்பிக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களின் விலையில் நாம் கைவைக்கக் கூடாது. உங்கள் வீட்டுக் குழம்புக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போங்கள், போதும்.

மீனைப் பற்றி ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் நிற்க, பெரிய மீன்கள் கரையோரம் கிடைக்கும் என்று நம் ஆட்கள் அதிகமாக வருவதும் அப்போதுதான். கோடைக் காற்று தொடங்குவதும் அந்தத் தடைக்காலத்தின் கடைசியில்தான் என்பதால் இரண்டும் மோதிக்கொள்கின்றன. தடை என்பது மீன் இனம் பெருகுவதற்காக. முகத்துவாரத்தில் கொடுவாய்க்காகக் காத்திருப்பவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கொடுவாய் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆகவே நீங்கள் இரு கையாலும் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பெரிய மீன் பெரும்பாலும் முட்டையிடும் தாய். இரண்டு கிலோ மீனை வைத்துக்கொண்டு எட்டுக் கிலோ மீனை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்பது அதனால்தான். பங்குனி ஆமை மூச்சு விடத் தலைதூக்கும் மாதங்களில், அறுந்த தூண்டில் நரம்பைக் கடலில் வீசாமல் சட்டைப் பையில் திணித்துக் கொண்டுவாருங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் ஒதுங்கிய இறந்த ஆமைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தெற்கே பயணம் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. அங்கே மீனின் பெயரே மாறிவிடும். சென்னையில் சீலா என்று ஊளி மீனைச் சொல்கிறோம், தூத்துக்குடியில் சீலா என்றால் நம் வஞ்சிரம். பெயர் மாறும் இடத்தில் கடலும் மாறும், இங்கே கற்றதை அங்கே அப்படியே நம்பாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அவற்றில் படகை ஒதுக்கி இறங்கக் கூடாது. தனுஷ்கோடிப் பக்கம் எல்லைக்கோடு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை அந்த ஊர் மீனவர்களின் துயரம் போதுமான அளவு சொல்லியிருக்கிறது. குமரிக் கரையில் கள்ளக்கடல் உண்டு. எங்கோ தென்பெருங்கடலில் எழுந்த அலை, இங்கே காற்றே இல்லாத வெயில் நாளில் திடீரெனக் கரையேறும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படி ஒரு நாளில். ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் மையம் அந்த அலைக்கு முன்னெச்சரிக்கை விடுகிறது. புறப்படும் முன் மழையைப் பார்ப்பதுபோல் அதையும் பாருங்கள்.

குழுக்களாகப் பயணம் ஏற்பாடு செய்யும் நண்பர்களிடம் எனக்குத் தனியாக ஒரு கோரிக்கை இருக்கிறது. உங்களை நம்பித்தான் நீச்சல்கூடச் சரியாகத் தெரியாத பிள்ளைகள் வருகிறார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் காற்றுப் படகுகளைத் திறந்த கடலுக்கு அழைத்து வராதீர்கள். ஆகஸ்டிலும் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலமும் நமக்கு உகந்ததல்ல. தை கடைசியிலிருந்து சித்திரைத் தொடக்கம் வரை கடல் பதமாக இருக்கிறது, அந்த மாதங்கள் நமக்குத் தாராளமாகப் போதும். மற்ற மாதங்களில் துடுப்புப் பழக உப்பங்கழிகள் இருக்கின்றன. அங்கும் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். பழவேற்காட்டில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைப் பாடு முறை என்ற பழைய ஒழுங்கு தீர்மானிக்கிறது. வெறும் தண்ணீராக நமக்குத் தெரிவது அவர்களுக்கு முறைவைத்துப் பகிர்ந்த வயல். இருள் பிரியும் முன் இறங்குவதையும் நிறுத்துங்கள். கரைதிரும்பும் ஃபைபர் படகுகள் வேகமாக வருகின்றன, தண்ணீரோடு தாழ்ந்து கிடக்கும் நம்மை அவர்களால் பார்க்க முடியாது. விடிந்த பிறகும் ஆளுயரக் கம்பில் ஒரு சிவப்புக் கொடி பறக்கட்டும்.

கடைசியாக, அந்த நண்டு வலை. மறுநாள் மாலை நான் அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். நான்கு துண்டு வலை போய்விட்டதாகச் சொன்னார். அவர் திரும்பிப் போவதற்குள் நீரோட்டம் இழுத்துப் பாறையில் மாட்டிவிட்டதாம். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குத் தொகை சொல்ல மறுத்துவிட்டார், “அதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பார்களா?” என்றார். நான் வலை விற்கும் கடையில் விசாரித்து, நூலும் மிதவையும் ஈயக் குண்டும் வாங்கிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அதே சவுக்குத் தோப்பின் ஓரத்தில் நிற்பேன். அன்றைக்குப் படகு கொண்டுவரவில்லை. வலை கோத்துக் கட்ட ஆள் வேண்டும், விரும்புகிறவர்கள் வாருங்கள். கட்டி முடித்த பிறகு காற்றைப் பற்றி அவரையே பேசச் சொல்வோம், சம்மதித்திருக்கிறார்.

ஆரஞ்சுப் படகில் வந்த தம்பிகள் இதைப் படித்தால், நீங்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும். உங்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவதற்காகக் கூப்பிடவில்லை. நான் போன அன்று அந்தப் பெரியவர் வலையைப் பற்றிப் பேசியது இரண்டு வாக்கியம்தான். மீதி நேரமெல்லாம், அந்தப் பிள்ளைகள் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் பதில் இல்லை.

அன்புடன்,
உங்களோடு அதே கரையில் தூண்டில் போடும் ஒருவன்